வலி மாத்திரையைக் குறைப்பது எப்படி? மருத்துவர் பதில்கள்

முதுகுவலிக்காக ஆண்டுக்கணக்கில் சாப்பிட்டுவந்த மாத்திரைகளை நிறுத்த முயன்று அவதிப்பட்டவர்களின் கடிதங்கள் தொடர்ந்து வருவதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்கள் அனைவரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இப்பகுதிக்கு முழுப் பெயரோடுதான் எழுதுகிறார்கள். வலிக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம் என்பதற்கான விடை அவர்களுடைய கடிதங்களிலேயே இருக்கிறது.

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா, வணக்கம். எனக்கு வயது 54. துணித் தொழிற்சாலையில் பெரிய கட்டுகளைத் தூக்கும் வேலையில் இருந்தபோது முதுகில் அடிபட்டு, முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் வட்டு (டிஸ்க்) பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஆறு ஆண்டுகளாக டிரமடோல் 50 மில்லிகிராம் காப்ஸ்யூலை, வேளைக்கு இரண்டாக நாளொன்றுக்கு நான்கு வேளை எடுத்துவருகிறேன். இது போதை மருந்து வகையைச் சேர்ந்தது என்று என் மகள் படித்துக் காட்டியதும், அன்றே நிறுத்திவிட்டேன். மறுநாள் கொட்டாவி மேல் கொட்டாவி, மூக்கு ஒழுகல், உடம்பெல்லாம் மயிர்க்கூச்சம். இரவில் கால்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் புரண்டுகொண்டிருந்தேன். தலைக்குள் மின்சாரம் பாய்வதுபோல் இருந்தது. காரணமே இல்லாமல் பயந்தேன். முதுகுவலியோ முன்பைவிட இரு மடங்கு. மூன்றாம் நாள் தாங்க முடியாமல் மீண்டும் எடுத்துக்கொண்டேன். நமது தெருவில் 'சுகர்ஸ்' என்ற போதைப்பொருள் பிடிக்கும் பையன்கள் காசில்லாத நாளில் இப்படித்தான் நடுங்குவார்கள் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். நானும் அவர்களைப்போல் ஆகிவிட்டேனா? மாத்திரை இல்லாமல் என் முதுகு இனி இப்படித்தான் வலிக்குமா? (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: உங்களுக்கு நேர்ந்தது விலகல் அறிகுறிகள் எனப்படும் உடல் எதிர்வினை. டிரமடோல், கோடீன், மார்ஃபின், ஆக்ஸிகோடோன் முதலிய, அபினைப்போல் வேலை செய்யும் ஓபியாய்டு மருந்துகளைச் சில வாரங்களுக்கு மேல் தினமும் எடுத்துவந்த எவருக்கும், அவர் கோயில் பூசாரியாக இருந்தாலும் மருத்துவராகவே இருந்தாலும், மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் இது வரக்கூடும். இம்மருந்துகள், மூளைத்தண்டில் நாரட்ரீனலின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புகளை அடக்கிவைக்கின்றன. ஆண்டுக்கணக்கில் அடக்கப்பட்ட அந்த நரம்புகள் அதற்கு ஈடுகொடுக்கும் வகையில் தம் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். பொங்கிவரும் பாலை மூடியால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்த கை திடீரென்று விலகினால் என்ன ஆகுமோ, அதுவே மருந்தை ஒரே நாளில் நிறுத்தும்போது உடலுக்குள் நடக்கிறது: வியர்வை, படபடப்பு, மயிர்க்கூச்சம், கண்ணிலும் மூக்கிலும் நீர், வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை. விரைவாக வேலை செய்யும் மாத்திரைகளில் கடைசி வேளைக்குப் பிறகு 8 முதல் 24 மணி நேரத்துக்குள் இது தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாட்களில் உச்சத்தை எட்டி, 4 முதல் 10 நாட்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். தூக்கக் குறைவும் மனச்சோர்வும் மட்டும் வாரக்கணக்கில் நீடிப்பதுண்டு. நீங்கள் தோற்றுப்போன மூன்றாம் நாள், யாராக இருந்தாலும் தோற்றுப்போகக்கூடிய நாள்.

தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததையும் காரணமற்ற பயத்தையும் தனியே பார்க்க வேண்டும். டிரமடோல் மற்ற ஓபியாய்டுகளைப் போன்றதன்று. அது ஒருபுறம் ஓபியாய்டாகவும், மறுபுறம் மனச்சோர்வு மாத்திரைகளைப்போல் செரட்டோனினையும் நாரட்ரீனலினையும் கூட்டும் மருந்தாகவும் வேலை செய்கிறது. ஆகவே அதை நிறுத்தும்போது இரண்டு மருந்துகளை ஒன்றாக நிறுத்திய விளைவு சிலருக்கு ஏற்படுகிறது. மின் அதிர்ச்சிபோன்ற உணர்வு, திகில், குழப்பம், அரிதாக, இல்லாத பொருள் கண்ணுக்குத் தெரிவது முதலியவை இந்த இரண்டாம் பாதியைச் சேர்ந்தவை. உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அதோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: நீங்கள் எடுக்கும் 400 மில்லிகிராம் என்பது டிரமடோலுக்கு நாளொன்றுக்கு வகுக்கப்பட்டுள்ள உச்ச அளவு. அதைத் தாண்டினால் வலிப்பு வரும் அபாயம் கூடுகிறது. மனச்சோர்வுக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ வேறு மாத்திரை சேர்த்து எடுத்தால் செரட்டோனின் மிகையாகி ஆபத்தில் முடியலாம். இன்னும் ஒரு காப்ஸ்யூல் போட்டுப் பார்ப்போம் என்ற எண்ணத்துக்கு உங்கள் விஷயத்தில் இடமே இல்லை.

இனி முதுகு. விலகலின்போது வரும் வலியை முதுகின் உண்மையான வலி என்று எடுத்துக்கொள்வதால்தான் பெரும்பாலானோர் மீண்டும் மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். விலகல் தன்னளவிலேயே வலியை உண்டாக்கும் நிலை. தசை, மூட்டு, எலும்பு எங்கும் குடைச்சல் எடுக்கும், பழைய காயம் இருக்கும் இடம் முதலில் கத்தும். அந்த மூன்று நாட்களில் தொடை, தோள், முழங்கை என்று முன்பு வலிக்காத இடங்களும் வலித்தனவா என்று நினைத்துப் பாருங்கள்; வலித்திருந்தால் அது வட்டின் வேலை அன்று. இதற்கு மறுபக்கமும் உண்டு. நீண்டகால ஓபியாய்டு சிலருடைய நரம்பு மண்டலத்தையே வலிக்குக் கூருணர்வு உள்ளதாக மாற்றிவிடுகிறது. அவர்களுக்கு மருந்தே வலியை வளர்க்கிறது. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நாட்பட்ட முதுகுவலியோ முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்வு வலியோ உள்ள 240 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஓபியாய்டும் மற்றதற்கு ஓபியாய்டு அல்லாத மருந்துகளும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில் ஓபியாய்டு பிரிவினர் சற்றும் மேம்பட்டிருக்கவில்லை. வலியளவில் மற்றவர்களைவிடச் சிறிது பின்தங்கியே இருந்தார்கள். மெதுவாகக் குறைத்தவர்களில் பலருக்கு முடிவில் வலி கூடவில்லை என்பதும், சிலருக்குக் குறைந்தது என்பதும் மருத்துவர்கள் கண்டிருப்பவை. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் அந்த மூன்று நாள் அனுபவத்தை வைத்து உங்கள் எதிர்காலத்தை அளக்க வேண்டாம்.

எப்படிக் குறைப்பது? ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு, மாதத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது பெரும்பாலும் தாங்கக்கூடிய வேகம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. உங்கள் எட்டு காப்ஸ்யூலில் ஒன்றைக் குறைப்பது எட்டில் ஒரு பங்கு என்பதால் தொடக்கத்தில் அதுவே நியாயமான ஒரு படி. எந்த வேளையில் முதலில் குறைப்பது என்பது உங்கள் விருப்பம். நான் பகல் வேளையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், ஏனென்றால் இரவுத் தூக்கம் கெட்டால் மனிதன் எந்தத் திட்டத்திலும் நிலைக்கமாட்டான். கீழே வரவர ஒவ்வொரு காப்ஸ்யூலும் பெரிய பங்காகிவிடுவதைக் கவனியுங்கள்: எட்டிலிருந்து ஏழு என்பது சிறு படி, இரண்டிலிருந்து ஒன்று என்பது பாதி. எனவே கடைசிப் படிகள்தாம் மிக மெதுவாக இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சிறு அளவில் அளந்து கொடுக்கக்கூடிய துளி மருந்துக்கு மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். உங்களிடம் இருப்பது நீண்ட நேரம் வேலை செய்யும் வகை என்றால் அதை ஒருபோதும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. மொத்த மருந்தும் ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். ஒவ்வொரு படிக்குப் பிறகும் ஓரிரு வாரம் வலி சற்றுத் தலைதூக்கும், பிறகு அடங்கும். அடங்காவிட்டால் அதே அளவில் இன்னொரு மாதம் நில்லுங்கள். நிற்பது தோல்வி அன்று. ஆனால் மருத்துவரைக் கேளாமல் மீண்டும் மேலே ஏறுவதைத் தவிர்க்கப் பாருங்கள். இவ்வாறு போனால் ஓராண்டு ஆகலாம். ஆறு ஆண்டு எடுத்த மருந்துக்கு ஓராண்டு அதிகமில்லை.

இதையெல்லாம் மருந்துச்சீட்டு எழுதும் மருத்துவரோடு உட்கார்ந்து, தாளில் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். வியர்வை, படபடப்புக்குக் குளோனிடின் என்ற மருந்தைச் சில மருத்துவர்கள் குறுகிய காலத்துக்குக் கொடுப்பதுண்டு; அது இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் கேளாமல் பிறரிடம் வாங்கிப் போடக் கூடாது. தூக்கத்துக்கென்று தூக்க மாத்திரையையோ, வார இறுதியில் இரண்டு கிளாஸ் கேன் ஸ்பிரிட் என்னும் கரும்பு மதுவையோ சேர்த்துக்கொள்ளவே வேண்டாம். ஓபியாய்டோடு சேர்ந்தால் அவை மூச்சை அடக்கிவிடும்.

உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். உடல் ஒரு மருந்துக்குப் பழகிப்போவதும், அதற்கு அடிமையாவதும் வெவ்வேறு. மருத்துவர் சொன்ன அளவைச் சொன்ன வேளையில் எடுத்தவருக்கும் உடல் பழகும். அதற்கு நடுக்கமே சாட்சி. அடிமை நிலை என்பது, வலிக்காக அல்லாமல் மனம் இலேசாவதற்காக எடுப்பது, அளவைத் தானே கூட்டுவது, வேலையும் குடும்பமும் கெடுவதைக் கண்டும் விட முடியாமல் போவது. உங்கள் கடிதத்தில் அதன் சாயல் எதையும் நான் காணவில்லை. ஆனாலும் உங்கள் மனைவி பார்த்தது பொய்யில்லை: 'சுகர்ஸ்' என்பதில் இருக்கும் ஹெராயினும் ஓபியாய்டுதான், அந்தப் பையன்களின் நடுக்கமும் இதே நடுக்கம்தான். அது அவர்கள்மேல் நமக்குக் கொஞ்சம் இரக்கத்தைக் கூட்டுமானால் நல்லது. உங்கள்மேல் உங்களுக்கே வெறுப்பைக் கூட்ட வேண்டிய அவசியம் இல்லை.

குறைக்கும் காலத்தில் சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாட்டை மீறிப் போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, காலில் வலுக் குறைந்துகொண்டே வந்தாலோ அது விலகல் அன்று. முதுகெலும்பின் அடிப்பகுதி நரம்புகள் நசுங்குவதன் அடையாளம். அன்றே, இரவானாலும், அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், உங்களுக்கு ஆர்.கே. கான் மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. வலிப்பு வந்தாலும் அப்படியே. ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112.

கேள்வி: டாக்டர், நான் இரண்டு பிள்ளைகளின் தாய். முதல் பிரசவத்துக்குப் பிறகு தொடங்கிய இடுப்பு வலிக்குக் கெமிஸ்டில் கோடீன் கலந்த மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தேன். மருந்துச்சீட்டு தேவையில்லை என்பதால் பெரிதாக நினைக்கவில்லை. இன்று ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, சில நாள் அதற்கும் மேல். ஒரே கடையில் கேட்டால் கேள்வி கேட்பார்கள் என்று ஒரு நாள் இங்கே, மறுநாள் உம்லாங்காவில், பிறகு வெருலத்தில் என்று வாங்குகிறேன். கணவருக்குத் தெரியாது. கைப்பையில் அட்டைகள் சலசலக்காமல் இருக்க மாத்திரைகளைத் தனியே பிரித்துக் காலியான மிட்டாய் டப்பாவில் வைத்திருக்கிறேன். சாப்பிடாத நாளில் தலைவலி, எரிச்சல், பிள்ளைகள்மேல் கத்துகிறேன். எப்படி நிறுத்துவது? (பீனிக்ஸ்)

பதில்: அம்மா, இதை எழுத உங்களுக்குத் துணிவு வேண்டியிருந்திருக்கும். முதலில் அவசரமானதைச் சொல்கிறேன். உங்கள் மாத்திரையில் கோடீனைவிட இப்போது ஆபத்தானது அதனோடு கலந்திருக்கும் மருந்து. ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்குமானால், எட்டு மாத்திரையிலேயே ஒரு நாளின் உச்ச அளவான 4 கிராம் நிரம்பிவிடுகிறது. பன்னிரண்டு என்பது ஈரலைக் கெடுக்கும் அளவு. இபுப்ரோஃபென் கலந்த வகையாக இருந்தால் குடற்புண், இரத்தக் கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, இரத்தத்தில் பொட்டாசியம் அபாயமாகக் குறைந்து தசைகள் தளர்ந்துபோவது ஆகியவை வரலாம். கறுப்பாக மலம் போனாலோ, வாந்தியில் இரத்தம் இருந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, கைகால் தூக்க முடியாமல் போனாலோ இதழைக் கீழே வைத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். அவை எதுவும் இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லி, ஈரல், சிறுநீரகம், பொட்டாசியம், இரத்த அளவு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உண்மையான எண்ணிக்கை என்பதை அழுத்திச் சொல்கிறேன். நோயாளிகள் எங்களிடம் பாதியைத்தான் சொல்வார்கள். நாங்களும் அதை ஓரளவு ஊகித்துக்கொள்வோம். ஆனால் குறைப்புத் திட்டம் பொய்யான எண்ணிக்கையின்மேல் போடப்பட்டால், முதல் நாளிலேயே உங்கள் உடல் பாதி அளவுக்கு விழுந்து, நீங்கள் தாங்க முடியாமல் மறுபடியும் வெருலத்துக்குக் கார் எடுப்பீர்கள்.

கோடீன் ஈரலில் ஒரு பகுதி மார்ஃபினாக மாறித்தான் வேலை செய்கிறது. எனவே இதுவும் முந்தைய கடிதத்தில் உள்ள அதே குடும்பம்தான். கெமிஸ்டில் சீட்டின்றிக் கிடைப்பதால் அது வேறு சாதி ஆகிவிடாது. கலப்பு மாத்திரையை அப்படியே ஒவ்வொன்றாகக் குறைப்பதைவிட, பாராசிட்டமாலையும் இபுப்ரோஃபெனையும் முதலில் பாதுகாப்பான அளவுக்குள் கொண்டுவந்து, ஓபியாய்டை மட்டும் மருத்துவரின் மேற்பார்வையில் தனியே இறக்குவது நல்லது. அதற்கு வழிகள் உண்டு. உங்களைப்போல் அளவு கைமீறிப் போனவர்களுக்கு நாக்கின்கீழ் வைக்கும் புப்ரெனார்ஃபின் நம் நாட்டிலும் கொடுக்கப்படுகிறது. அது விலகலையும் வேட்கையையும் ஒருசேரத் தணிக்கும். அதை எடுப்பவரைப் பழக்கத்துக்குப் பழக்கம் மாற்றியவர் என்று சொந்தக்காரர்கள் ஏளனம் செய்வதுண்டு. சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை. சாங்கா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் மது, போதைச் சார்பு குறித்த தேசிய மன்றத்துக்கு டர்பனில் நிலையம் உண்டு. அங்கே ஆலோசனைக்குப் போகிறவர்களில் இல்லத்தரசிகளும் ஆசிரியர்களும் உண்டு.

நீங்கள் பயப்படும் அந்த மருந்தாளுநரைப் பற்றி ஒரு வார்த்தை. சீட்டின்றி விற்கும் கோடீனையும் பதிவேட்டில் எழுதியே விற்க வேண்டும் என்பது சட்டம். அவர் கேள்வி கேட்பது உங்களைப் பிடித்துக் கொடுப்பதற்காக அன்று. ஒரே கடையை, ஒரே மருந்தாளுநரைத் தேர்ந்தெடுத்து, அவரிடம் "நான் குறைக்க முயல்கிறேன், எனக்கு வாரத்துக்கு இவ்வளவுக்குமேல் தராதீர்கள்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். கூச்சம் ஐந்து நிமிடம்.

கணவரிடம் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அடிக்கக்கூடியவர், விரட்டக்கூடியவர் என்றால் வேண்டாம். அப்படி இல்லையென்றால் சொல்லுங்கள்; உங்களுக்கு வரப்போகும் இரண்டு மூன்று மோசமான வாரங்களில் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர ஒருவர் வேண்டும். மீண்டும் கருவுற்றிருக்கக்கூடும் என்று சிறு ஐயம் இருந்தாலும் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். திடீர் விலகல் கருவுக்கும் கேடு செய்யலாம்.

கேள்வி: ஐயா, வணக்கம். வருகிற தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன். கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம். அந்தப் பத்து நாளும் மாத்திரையையும் தொடுவதில்லை, அவன் பார்த்துக்கொள்வான் என்று இருக்கிறேன். முதுகுக்காக எட்டு ஆண்டாக மார்ஃபின் மாத்திரை எடுத்துவருகிறேன். என் ஆயா (பாட்டி), விரதத்தில் மருந்து எடுத்தால் பலன் இல்லை என்கிறார். (டோங்காட்)

பதில்: வேண்டுதலில் நான் தலையிடமாட்டேன்; அந்தப் பத்து நாள் கணக்கில் மட்டும் தலையிடுகிறேன். ஓபியாய்டை எடுக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும், அதைத் தாங்கும் சக்தி உடலிலிருந்து கழன்றுகொண்டே போகிறது. பத்து நாள் கடந்து, காவடி இறக்கிய அன்று இரவு, முதுகு பிளக்கும் வலியோடு வீட்டுக்கு வந்து, வழக்கமான அளவைத்தானே எடுக்கிறோம் என்று பழைய மார்ஃபின் அளவைப் போட்டுக்கொண்டு படுப்பீர்கள். உடலுக்கோ அது இப்போது பழைய அளவு அன்று. மூச்சு மெதுவாக அடங்கிவிடக்கூடும். நிறுத்தியதால் அல்ல, நிறுத்திவிட்டுப் பழைய அளவுக்குத் திரும்பியதால்தான் பெரும்பாலான உயிர்கள் போகின்றன.

விரத நாட்களும் உங்களுக்கு எதிராகவே இருக்கும். விலகலின் முதல் வாரம் வாந்தி, வயிற்றுப்போக்கு, வியர்வை என்று உடலின் நீரை உறிஞ்சும் வாரம். நம் கடற்கரையின் கோடைப் புழுக்கத்தில் ஒருவேளை உணவோடு, வெறுந்தரையில் படுத்து, பிறகு வெயிலில் வெறுங்காலோடு காவடி சுமப்பவர் பாதி வழியில் சுருண்டு விழுவார். எனவே இந்தத் தைப்பூசத்துக்கு மார்ஃபினை உள்ளபடியே, வேளை தவறாமல் எடுத்துக்கொண்டு, விரத உணவையும் நீரையும் மருத்துவரிடம் கேட்டு அமைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுப்பது முதுகுக்கு ஒத்துவராவிட்டால் மெல்லிய மெத்தை போடுங்கள். குறைப்பைத் தைப்பூசத்துக்குப் பிறகு தொடங்கி, வேண்டுதலை வேண்டுமானால் குறைப்பின்மேல் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மாதக் கிருத்திகைக்கும் ஒரு படி இறங்குவேன் என்று வேண்டிக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். ஆயாவிடம் உங்கள் கோயில் குருக்களையே பேசச் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் மருந்தோடுதான் விரதம் இருக்கிறார்கள் என்பதை அவர் நன்கு அறிவார்; மருத்துவர் சொல்வதைவிட அவர் சொல்வது ஆயாவிடம் எடுபடும்.

கேள்வி: என் மாமனாருக்கு 71 வயது. முதுகு அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆக்ஸிகோடோன் எடுக்கிறார். இப்போது டாக்டர் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மாத்திரையை நான் பூட்டிவைத்து வேளைக்கு எடுத்துக் கொடுக்கிறேன். என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். (லெனேசியா)

பதில்: மாமனாருக்கு மருமகள் மாத்திரை எண்ணிக் கொடுப்பது நம் வீடுகளில் இலகுவான வேலை இல்லை. அவர் கேட்டுக்கொண்டதால் பூட்டினீர்களா, நீங்களாகப் பூட்டினீர்களா என்பதைப் பொறுத்தே எல்லாம் இருக்கிறது. அவரை உட்காரவைத்து, உங்கள் கணவரையும் வைத்துக்கொண்டு, "மாமா, டாக்டர் சொன்ன அளவை யார் பார்த்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கிழமைப் பெட்டியில் வாரத்துக்கானதைக் கெமிஸ்ட் அடுக்கிக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தால் நீங்கள் காவல்காரி வேலையிலிருந்து விடுபடலாம். மிச்ச இருப்பைப் பூட்டிவைப்பது எப்படியும் அவசியம், ஆனால் அவருக்கு எதிராக அல்ல. வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும் எட்டாமல் இருப்பதற்காக. எழுபது தாண்டியவர்களுக்கு ஓபியாய்டால் விழுவதும் எலும்பு முறிவதும் கூடுதல். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறு விளக்கு எரியட்டும். அவர் கொட்டாவி விட்டு, மூக்கைச் சிந்தி, எரிந்து விழும் நாட்களில் பதிலுக்குப் பேசாதீர்கள். மறுநாள் மருத்துவருக்குத் தொலைபேசி செய்து, வேகம் அதிகம் என்று சொல்லுங்கள். வாழ்ந்து என்ன பயன் என்பதுபோல் பேசினால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். 0800 567 567 என்ற இலவச எண்ணில் இரவிலும் ஆள் இருப்பார்கள்.

கேள்வி: விலகலுக்கு டாக்கா (கஞ்சா) புகைத்தால் போதும், டாக்டரே தேவையில்லை என்கிறார்கள். வயிற்றுப்போக்குக்கு லோப்பரமைட் நிறையப் போட்டால் விலகலே தெரியாது என்றும் ஒருவர் சொன்னார். (மெர்பேங்க்)

பதில்: 2018இல் நம் நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றம், வயதுவந்தோர் தனி இடத்தில் கஞ்சா பயன்படுத்துவது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. குற்றமன்று என்பதால் அது மருந்தாகிவிடவில்லை. ஓபியாய்டு விலகலுக்கு அது பயன்படும் என்று நம்பத்தகுந்த சான்று இல்லை. ஏற்கெனவே பயமும் படபடப்பும் உள்ள நாட்களில் அது அவற்றைக் கூட்டுவதும் உண்டு. லோப்பரமைட் பற்றிச் சொன்னவரிடமிருந்து தள்ளி இருங்கள். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவில் அது வயிற்றுப்போக்குக்கு நல்ல மருந்து. அதற்குமேல் போனால் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கி, திடீர் மரணம்வரை கொண்டுபோகும்.

கேள்வி: எனக்கு நீண்டகாலம் பார்த்த டாக்டர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிதாக வந்தவர், "நான் இந்த மருந்தை எழுதுவதில்லை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கையில் ஒன்பது நாளுக்கான டிரமடோல் இருக்கிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: உங்களுக்கு நடந்தது சரியில்லை, என் தொழிலைச் சேர்ந்தவர் என்பதற்காக அதை மழுப்பமாட்டேன். முன்பு தாராளமாக எழுதித் தள்ளியதற்கு மருத்துவ உலகம் இப்போது ஒரேயடியாகக் கதவைச் சாத்திப் பரிகாரம் தேடுகிறது; அதன் விலையை நோயாளி கொடுக்கிறார். ஓபியாய்டுக்கு உடல் பழகியவர்களுக்கு அதைத் திடீரென்று நிறுத்துவது கடும் விலகலுக்கும், அடங்காத வலிக்கும், தற்கொலைக்கும்கூட இட்டுச்செல்கிறது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019 ஏப்ரலிலேயே எச்சரித்திருக்கிறது.

ஒன்பது நாள் போதும், இன்றே தொடங்கினால். பழைய மருந்தகத்தில் உங்கள் பெயரில் பதிவான கடந்த மாதங்களின் விவரத்தை அச்சிட்டு வாங்குங்கள். ஓய்வு பெற்ற மருத்துவரின் அறையிலிருந்து கோப்பின் நகலைக் கேளுங்கள். அவற்றோடு அதே புதிய மருத்துவரிடம் மீண்டும் சென்று, "எனக்கு இந்த மருந்து என்றென்றும் வேண்டாம், பாதுகாப்பாக நிறுத்தும்வரை குறைந்துகொண்டே போகும் அளவில் எழுதித் தாருங்கள், இதோ திட்டம்" என்று சொல்லுங்கள். மருந்து கேட்டு வருபவரை மறுக்கும் மருத்துவர்கள் பலர், நிறுத்த உதவி கேட்டு வருபவரை மறுப்பதில்லை. அவரும் மறுத்தால் வேறொருவர், அல்லது அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு. டிரமடோல் நம் நாட்டு மருந்துச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் உள்ள மருந்து என்பதால் ஒரே சீட்டில் ஆறு மாதம்வரை மறுமுறை வாங்க மருத்துவர் எழுத முடியும். மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற ஆறாம் அட்டவணை மருந்துகளுக்கு ஒவ்வொரு மாதமும் புதிய சீட்டு வேண்டும். டிசம்பரில் தொழிற்சாலைகள் மூடும் வாரங்களில் மருத்துவர்களும் ஊரில் இருப்பதில்லை. ஈஸ்டர் வார இறுதியும் அப்படியே. இறங்கும் திட்டம் எழுதும்போது அந்தத் தேதிகளைப் பார்த்து, மருந்து தீரும் நாள் அதில் விழாதபடி சீட்டை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கிடையில் ஒன்பது நாள் மருந்தைப் பதினெட்டு நாளுக்கு இழுக்கலாம் என்று நீங்களாகப் பாதியாக்காதீர்கள். அது மருத்துவரைச் சந்திக்கும் நாளில் உங்களை நடுங்கவைக்கும், அவரும் தவறாக நினைத்துக்கொள்வார்.